உறையின்மேல் எழுதும் பெயர்

தியானப் பகுதி: ரோமர் 16:1-16, லூக்கா 2:36-38



லெந்து காலம் முடிந்து, உயிர்த்தெழுந்த பண்டிகையும் கடந்துவிட்டால் நம் சபைகளில் கலியாண காலம் தொடங்கிவிடுகிறது. குருமனையின் மேசைமேல் அழைப்பிதழ்கள் நாளுக்கு நாள் உயர்ந்துகொண்டே போகின்றன. ஓர் அழைப்பிதழ் கையில் வந்தவுடன் நாம் முதலில் பார்ப்பது எதை? மணமகன் யார், மணமகள் யார், எந்த ஆலயம், எத்தனை மணி என்பவற்றையெல்லாம் பிறகுதான் வாசிக்கிறோம். உறையின்மேல் எழுதியிருக்கும் நம் பெயரையே கண் முதலில் தேடுகிறது. அது சரியாக எழுதப்பட்டிருந்தால் கவனியாமலே கடந்துவிடுகிறோம். பிழையாக இருந்தாலோ, உள்ளே எத்தனை அழகான அட்டை இருந்தாலும் அந்தப் பிழை மனத்தில் தங்கிவிடுகிறது.

இந்த வாரம் அந்த உறையைப் பற்றியே உங்களோடு சிந்திக்க விரும்புகிறேன். இது சிறிய காரியம் என்று நினைப்பீர்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

பல ஆண்டுகளுக்கு முன், வேறொரு சேகரத்தில் பணிசெய்த நாட்களில், என் மகளின் திருமணம் நடந்தது. சபையார் அனைவரையும் அழைக்கவேண்டும் என்பதால், சபையின் குடும்பப் பட்டியலை அருகில் வைத்துக்கொண்டு இரண்டு இரவுகள் உட்கார்ந்து உறைகளில் பெயர் எழுதினேன். பட்டியலில் ஒவ்வொரு வீட்டுக்கும் குடும்பத்தலைவரின் பெயர் இருந்தது. அந்தப் பெயருக்கு முன்னால் 'திரு' என்றும், பின்னால் 'அவர்கள் மற்றும் குடும்பத்தினர்' என்றும் எழுதிக்கொண்டே போனேன். கை தானாக எழுதியது.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லாரும் வெளியேறும்வரை ஒரு தாயார் தூணருகே காத்துநின்றார்கள். பிறகு அருகில் வந்து, நான் அனுப்பியிருந்த உறையை இரண்டு கைகளாலும் நீட்டினார்கள். "ஐயா, இது அவுகளுக்கு வந்த கவர். அவுகளைப் பார்க்கும்போது கொடுத்திடுறேன். எனக்கு ஒண்ணு எழுதித் தாங்க" என்றார்கள்.

அவர்களுடைய கணவர் இறந்து பதினான்கு மாதங்கள் ஆகியிருந்தன. அடக்க ஆராதனையை நடத்தியவன் நான்தான். பிள்ளைகள் இல்லாத அந்த வீட்டில் 'குடும்பத்தினர்' என்றால் அந்தத் தாயார் ஒருவர் மட்டுமே. அவர்கள் குரலில் கோபம் இல்லை. அதுவே என்னை அதிகமாய்க் குத்தியது.

உள்ளே சென்று புதிய உறை ஒன்றை எடுத்தேன். பேனாவைத் திறந்தேன். அங்கேயே கை நின்றுவிட்டது. அவர்களுடைய பெயர் எனக்குத் தெரியவில்லை. ஆறு ஆண்டுகளாக மாதந்தோறும் அவர்கள் கையில் திருவிருந்தின் அப்பத்தைக் கொடுத்திருக்கிறேன். நோயில் ஜெபித்திருக்கிறேன். ஆயினும் இன்னாருடைய மனைவி என்பதற்கு மேல் அவர்களை நான் அறிந்திருக்கவில்லை. வெளியே வந்து, தலைகுனிந்து, பெயரைக் கேட்டேன். சொன்னார்கள். எழுதிக் கொடுத்தேன். ஒருமுறை வாசித்துப் பார்த்து, வேதாகமத்துக்குள் வைத்துக்கொண்டு போனார்கள்.

அன்றுமுதல், ஓர் அழைப்பின்மேல் பெயர் எழுதும் வழக்கம் எப்படி வந்தது, அதில் யார் பெயர் எழுதப்பட்டது, யார் பெயர் விடுபட்டது என்று தேடத் தொடங்கினேன். அந்தத் தேடலில் கண்டவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

எசேக்கியா அனுப்பிய அழைப்பு

எழுதி அனுப்பிய விருந்தழைப்பு ஒன்று நம் வேதாகமத்திலேயே இருக்கிறது. 2 நாளாகமம் 30-ஆம் அதிகாரத்தில், பஸ்காவை ஆசரிக்க எருசலேமுக்கு வரும்படி எசேக்கியா ராஜா தேசமெங்கும் நிருபங்களை அனுப்புகிறான். தன் ஆளுகைக்கு உட்பட்ட யூதாவுக்கு எழுதியதில் வியப்பில்லை. பல தலைமுறைகளாகப் பிரிந்துபோயிருந்த வடக்கே, எப்பிராயீமுக்கும் மனாசேக்கும்கூட அவன் எழுதினான். அஞ்சல்காரர் ஊர் ஊராய் ஓடினார்கள். பல இடங்களில் ஜனங்கள் அவர்களைப் பார்த்து நகைத்தார்கள். ஆனால் ஆசேரிலும் மனாசேயிலும் செபுலோனிலும் சிலர் தங்களைத் தாழ்த்தி எருசலேமுக்கு வந்தார்கள். ஆசேர் என்னும் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; மறுபடியும் அதனிடம் வருவோம்.

அழைப்புக் கடிதத்தின் முதல் முறைமை இங்கே தெரிகிறது. யாருக்கு எழுதுகிறோம் என்பதே, யாரை நம்மவர் என்று எண்ணுகிறோம் என்பதைக் காட்டிவிடுகிறது. மற்ற மரியாதைகளெல்லாம் அதற்குப் பிறகுதான்.

பெயரில்லாத அழைப்பு

எகிப்து தேசத்தில், கெய்ரோவுக்குத் தெற்கே ஏறத்தாழ 160 கிலோமீட்டர் தொலைவில், ஆக்சிரிங்கஸ் என்றொரு பழைய நகரம் இருந்தது. அதன் குப்பைமேடுகளில் கிரென்பெல், ஹன்ட் என்னும் இரண்டு ஆங்கிலேய அறிஞர்கள் 1896-97 குளிர்காலத்தில் தோண்டத் தொடங்கினார்கள். மழை அரிதான அந்த மணலில் பாப்பிரஸ் தாள்கள் மக்காமல் கிடந்தன. வரிச்சீட்டுகள், கடன் பத்திரங்கள், வீட்டுக் கடிதங்கள், வேதப்பகுதிகள் எனப் பல்லாயிரம் துண்டுகள் கிடைத்தன. அவற்றோடு சிறுசிறு விருந்தழைப்புகளும் கிடைத்தன.

அவற்றுள் ஒன்று கி.பி. 3-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த திருமண அழைப்பு. உள்ளங்கைக்குள் அடங்கும் துண்டு. ஹெராயிஸ் என்னும் பெண்மணி, தன் பிள்ளைகளின் திருமணத்தை முன்னிட்டு, மறுநாள், ஐந்தாம் தேதி, ஒன்பதாம் மணி நேரத்தில் தன் வீட்டில் விருந்துண்ண வரும்படி கேட்டுக்கொள்கிறாள். ஒன்பதாம் மணி நேரம் என்பது நம் கணக்கில் பிற்பகல் மூன்று மணி. அழைக்கிறவளின் பெயர், நிகழ்ச்சி, இடம், நாள், நேரம் ஆகிய அனைத்தும் அதில் உண்டு. இன்றைய அழைப்பிதழில் இருப்பவையும் ஏறத்தாழ இவைதாம்.

ஒன்று மட்டும் அதில் இல்லை. அழைக்கப்பட்டவரின் பெயர் இல்லை. அங்கே கிடைத்த இத்தகைய அழைப்புகள் பொதுவாக இப்படியே உள்ளன. 'உம்மை அழைக்கிறார்' என்பதோடு நின்றுவிடுகின்றன. விருந்தினருக்கு அவமரியாதை செய்யும் எண்ணம் அதில் இல்லை. அந்தத் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு ஓர் ஊழியக்காரன் வீடுவீடாகப் போனான். எந்த வாசலில் நிற்கவேண்டும், யார் முன்பாக அதை நீட்டவேண்டும் என்று அவன் அறிந்திருந்தான். தாளில் இல்லாத பெயர் அவன் வாயில் இருந்தது.

லூக்கா 14-ஆம் அதிகாரத்தில் நம் ஆண்டவர் சொன்ன பெரிய விருந்தின் உவமையை இங்கே எண்ணிப்பாருங்கள். முன்னமே அழைக்கப்பட்டவர்களிடம், விருந்து வேளையில் எல்லாம் ஆயத்தமாயிற்று என்று சொல்ல ஓர் ஊழியக்காரன் மறுபடியும் அனுப்பப்படுகிறான். அந்நாளைய கேட்போருக்கு இது பழக்கமான காட்சி. அழைப்பு என்றால் அங்கே ஒரு மனிதன் நடந்து வரவேண்டும்.

நம் முன்னோரும் இதை அறிந்திருந்தார்கள். தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து, வீட்டுக்கு வந்து, பெரியவர்களை நிற்கவைத்து அழைப்பதே அழைப்பு என்று கருதினார்கள். அச்சிட்ட அழைப்பிதழ் வந்த பிறகும் நாம் அதை அனுப்புவது என்று சொல்லாமல் 'பத்திரிகை வைப்பது' என்றே சொல்கிறோம். அஞ்சலில் அனுப்ப நேர்ந்தால், நேரில் வந்து அழைத்ததாக ஏற்றுக்கொள்ளும்படி ஒரு வேண்டுகோளை அதில் சேர்க்கிறோம். வரமுடியாமற்போன கால்களுக்காகத் தாள் மன்னிப்புக் கேட்கிறது என்றே நான் அதைப் புரிந்துகொள்கிறேன்.

பெயர் சொல்லி எழுதிய அப்போஸ்தலன்

திருமண விருந்தழைப்புகளுக்குப் பெயர் தேவைப்படவில்லை என்றாலும், தொலைவிடங்களுக்குச் செல்லும் கடிதங்களுக்குத் தேவைப்பட்டது. பாப்பிரஸ் தாளை மடித்து அல்லது சுருட்டி, நாரால் கட்டி, முத்திரையிட்டு, இன்னாரிடமிருந்து இன்னாரிடம் சேர்க்கவும் என்று வெளிப்புறத்தில் எழுதினார்கள். தனி உறை கிடையாது. கடிதமே தனக்கு உறையாயிற்று. பவுலின் நிருபங்களும் இவ்விதமாகவே மடிக்கப்பட்டு மனிதர் கையில் பயணம் செய்திருக்கவேண்டும். ரோமருக்கு எழுதிய நிருபத்தைக் கெங்கிரேயா சபையின் ஊழியக்காரியாகிய பெபேயாள் கொண்டுசென்றாள் என்பது வேத அறிஞர் பெரும்பாலோரின் கருத்து.

அந்த நிருபத்தின் கடைசி அதிகாரத்தை நாம் வழக்கமாகத் தாண்டிச் செல்கிறோம். பெயர்களின் பட்டியல்தானே என்று எண்ணுகிறோம். உட்கார்ந்து எண்ணிப்பாருங்கள். மூன்றாம் வசனம் முதல் பதினைந்தாம் வசனம் வரை பவுல் வாழ்த்து அனுப்புகிறவர்களில் 24 பேரின் பெயர்கள் வருகின்றன. அவர்களில் யூதரும் உண்டு, கிரேக்கரும் உண்டு. அடிமைகளுக்கு இடப்பட்டுவந்த பெயர்களும் உண்டு. பெண்கள் பலர். பிரிஸ்கில்லாளின் பெயர் கணவனுடைய பெயருக்கு முன்னால் நிற்கிறது. மரியாளும் பெர்சியாளும் யாருடைய மனைவி, யாருடைய மகள் என்று பவுல் சொல்லவில்லை. அவர்கள் கர்த்தருக்குள் பட்ட பிரயாசத்தைச் சொல்கிறான்.

நேர்மையாக இன்னொன்றையும் சொல்லவேண்டும். 'மற்றும் குடும்பத்தினர்' என்பதற்கு இணையானது அந்தப் பட்டியலிலும் உண்டு. அரிஸ்தொபூலுவின் வீட்டார் என்றும், நர்கீசுவின் வீட்டார் என்றும் பவுல் எழுதுகிறான். நேரேயின் சகோதரிக்குப் பெயர் இல்லை. ரூப்பின் தாயாருக்கும் பெயர் இல்லை. ஆனால் அவள் தனக்கும் தாயானவள் என்று சேர்த்துக்கொள்கிறான். ஆகவே எல்லாருடைய பெயரும் எழுதப்படவேண்டும் என்பது சட்டமன்று. தெரிந்த பெயரைப் பவுல் தெரியாததுபோல விட்டுவிடவில்லை. பெயர் எழுதாத இடத்தில் உறவை எழுதினான். நான் அந்தத் தாயாருக்கு இரண்டையும் எழுதவில்லை.

உறை வந்தது, முறைமையும் வந்தது

நாம் இன்று பயன்படுத்தும் உறை பெருவழக்கானது அண்மைக்காலத்தில்தான். இங்கிலாந்தில் 1840-க்கு முன், அஞ்சல் கட்டணம் தூரத்தையும் தாள்களின் எண்ணிக்கையையும் பொறுத்திருந்தது. உறையும் ஒரு தாளாக எண்ணப்பட்டதால், அதைப் பயன்படுத்துவது இரட்டிப்புச் செலவு. ரோலண்ட் ஹில் என்பவருடைய முயற்சியால் 1840 ஜனவரி 10 முதல், தூரம் எவ்வளவாயினும் அரை அவுன்ஸ் எடைக்கு ஒரு பென்னி என்ற முறை வந்தது. எடைக்கே கட்டணம் என்றானபின் உறை பெருகிற்று. 1845-இல் உறை மடிக்கும் இயந்திரத்துக்குக் காப்புரிமையும் பெறப்பட்டது. நம் நாட்டிலும் 1854 அக்டோபர் முதல், தூரம் பாராமல் கால் தோலா எடைக்கு அரை அணா என்ற கட்டணம் நடைமுறைக்கு வந்தது.

உறை மலிவானபோது, அதன்மேல் எப்படி எழுதுவது என்ற முறைமையும் வளர்ந்தது. ஆங்கிலேயரும் அமெரிக்கரும் திருமண அழைப்புக்கு இரண்டு உறைகளைப் பயன்படுத்தும் வழக்கத்தை உண்டாக்கினார்கள். வெளியுறையில் முழுப்பெயரும் முகவரியும் இருக்கும், அது அஞ்சல்காரருக்கு. உள்ளுறையில் அழைக்கப்பட்டவர்களின் பெயர் மட்டும் இருக்கும், அது விருந்தினருக்கு. வழியில் அழுக்கடைந்த வெளியுறை கழற்றப்பட்டு, தூய உள்ளுறை கையில் சேரும். அழகான வழக்கம்தான்.

ஆனால் அந்த அழகுக்குள் ஒரு பள்ளம் இருந்தது. மணமானவர்களை அழைக்கும்போது, கணவனின் முழுப்பெயருக்கு முன்னால் 'மிஸ்டர் அண்ட் மிஸஸ்' என்று சேர்ப்பதே மரியாதை எனப்பட்டது. மனைவியின் சொந்தப் பெயர் எங்கும் வராது. கணவன் இறந்த பிறகும் அவள் அவன் பெயராலேயே அழைக்கப்பட்டாள். இதன் வேர் சட்டத்தில் இருந்தது. திருமணத்தால் கணவனும் மனைவியும் சட்டத்தின் முன் ஒரே நபராகிறார்கள், மனைவியின் சட்டப்பூர்வமான இருப்பு கணவனுக்குள் அடங்கிவிடுகிறது என்று பிளாக்ஸ்டன் என்னும் சட்ட அறிஞர் 1765-இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். சட்டம் விழுங்கிய பெயரை உறையும் விழுங்கிற்று.

அதை எதிர்த்தவர்களும் உண்டு. அமெரிக்காவில் அடிமை ஒழிப்புக்காக உழைத்த லூசி ஸ்டோன் அம்மையார் 1855-இல் மணம் செய்தபோது தம் பெயரை மாற்றிக்கொள்ள மறுத்தார். 1879-இல் மாசசூசெட்ஸ் மாநிலம் பள்ளிக்குழுத் தேர்தலில் பெண்களுக்கு வாக்குரிமை அளித்தபோது, கணவனின் குடும்பப்பெயரைப் பயன்படுத்தாத காரணத்தால் அவருடைய பெயர் வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. பெயருக்காக அவர் கொடுத்த விலை அது.

நம் நாட்டு உறைகள்

நம் மொழியில் 'முகவரி' என்ற சொல்லில் முகம் இருக்கிறது. அரசனிடமிருந்து வரும் ஓலையைத் 'திருமுகம்' என்றார்கள். ஆலயத்தில் மூன்று ஞாயிறு வாசிக்கும் திருமண அறிவிப்பை 'ஓலை வாசித்தல்' என்று நம் பெரியவர்கள் இன்றும் சொல்கிறார்கள். கடிதம் என்றால் ஒரு முகம் இன்னொரு முகத்தைப் பார்ப்பது என்னும் எண்ணம் நம் சொற்களிலேயே படிந்திருக்கிறது.

ஆயினும் எல்லா முகங்களும் ஒன்றுபோல் பார்க்கப்படவில்லை. சென்னை மாகாணத்தில், மதிப்புக்குரிய ஆண்களுக்கு எழுதும்போது 'மகாராஜராஜஸ்ரீ' என்று தொடங்கி 'அவர்கள்' என்று முடிப்பது வழக்கம். இதைச் சுருக்கி 'ம-ரா-ரா-ஸ்ரீ' என்பார்கள். அரசாங்கக் கடிதங்களிலும் இதன் ஆங்கிலச் சுருக்கம் இடம்பெற்றது. பெயருக்குப் பின்னால் சாதிப்பட்டம் வரும். பெயருக்கு முன்னும் பின்னும் இருப்பவற்றைக் கொண்டே, அந்த உறை எந்தத் தெருவுக்குப் போகிறது என்று சொல்லிவிடலாம்.

இந்த வழக்கம் இரண்டு பக்கங்களிலும் உடைந்தது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு, சாதிப்பட்டங்களை விட்டுவிடவேண்டும் என்று தீர்மானித்தது. பலர் தங்கள் பெயரின் பின்னொட்டை நீக்கினார்கள். 1967-இல் ஆட்சிக்கு வந்த அண்ணா அரசு, ஸ்ரீ, ஸ்ரீமதி, குமாரி என்பவற்றுக்குப் பதிலாகத் திரு, திருமதி, செல்வி என்னும் சொற்களை அலுவல் வழக்காக்கிற்று. பண்ணையாருக்கும் அவருடைய வயலில் உழைப்பவருக்கும் பெயருக்கு முன்னால் ஒரே 'திரு' என்பது சிறிய மாற்றமன்று.

இங்கே சபையாகிய நாம் நம்மைப் பார்த்துக்கொள்ளவேண்டும். செங்கல்பட்டு மாநாட்டுக்கு ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன்னரே, 1833-இல், கல்கத்தா பேராயராயிருந்த டேனியல் வில்சன், சபையில் சாதிவேறுபாடு அறவே கைவிடப்படவேண்டும் என்று சுற்றுநிருபம் எழுதினார். அது வாசிக்கப்பட்டபோது தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் சபையைவிட்டு விலகினார்கள். ஞானஸ்நானத்தில் பெற்ற புதிய பெயரை மகிழ்ச்சியோடு ஏற்ற நம் முன்னோரில் பலருக்கு, அதன் பின்னால் ஒட்டியிருந்த பழைய வாலை விட மனமில்லை. உலகத்தார் ஒரு மாநாட்டில் கழற்றியதை, நம்மில் சிலர் இன்னும் கலியாணப் பத்திரிகையில் பொன்னெழுத்தில் அச்சிடுகிறோம். இதை எழுதும்போது எனக்கு வெட்கமாயிருக்கிறது. வாசிக்கும் உங்களுக்கும் இருக்கட்டும்.

அன்னாளின் பெயர்

இப்போது ஆசேருக்குத் திரும்புவோம். எசேக்கியாவின் அழைப்பைக் கேட்டு எருசலேமுக்கு வந்தவர்களில் ஆசேர் கோத்திரத்தாரும் இருந்தார்கள் என்று கண்டோம். பல நூற்றாண்டுகள் கழித்து, அதே எருசலேமின் தேவாலயத்தில் ஆசேர் கோத்திரத்தைச் சேர்ந்த ஒரு விதவையை லூக்கா நமக்குக் காட்டுகிறார். அவளுடைய பெயர் அன்னாள். அவளுடைய தகப்பன் பெயர் பானுவேல். கணவனோடு ஏழு ஆண்டுகள் வாழ்ந்தாள் என்று லூக்கா சொல்கிறார். கணவனின் பெயரைச் சொல்லவில்லை.

நான் இந்தப் பகுதியைப் பலமுறை பிரசங்கித்திருக்கிறேன். அந்தத் தாயார் உறையைத் திருப்பிக் கொடுத்த பிறகுதான் இதைக் கவனித்தேன். நம் வழக்கப்படி எழுதியிருந்தால், இன்னாருடைய மனைவி என்று எழுதி அவளுடைய பெயரை விட்டிருப்போம். பரிசுத்த ஆவியானவர் அவளுடைய பெயரை எழுதுவித்தார். அவள் இழந்ததைக்கொண்டு அவளை அடையாளம் காட்டாமல், அவளைக்கொண்டே அடையாளம் காட்டினார். மேசியாவைக் கண்டு, மீட்புக்காகக் காத்திருந்த யாவருக்கும் அவரைக்குறித்துப் பேசிய அந்தப் பெண்மணியின் பெயர் இன்றுவரை நிற்கிறது.

யோவான் 10-ஆம் அதிகாரத்தில், நல்ல மேய்ப்பன் தன் ஆடுகளைப் பேர்சொல்லிக் கூப்பிடுகிறான் என்று கேட்கிறோம். உயிர்த்தெழுந்த நாளின் காலையில், தோட்டக்காரர் என்று எண்ணி அழுதுகொண்டிருந்த மரியாளுக்கு ஆண்டவர் தம்மை எப்படி வெளிப்படுத்தினார்? அவளுடைய பெயரை மட்டும் சொன்னார். அது போதுமாயிருந்தது.

எழுதும்முன் எண்ணிப்பாருங்கள்

இவ்வாண்டு உங்கள் வீட்டில் திருமணம் உண்டானால், ஒரு போதகனாக மட்டுமல்ல, தவறி விழுந்து கற்றுக்கொண்டவனாகவும் சில காரியங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

முதலாவது, பழைய பட்டியலைப் பார்த்து எழுதாதீர்கள். ஒவ்வொரு வீட்டிலும் இன்று யார் இருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். பெயர் தெரியாவிட்டால் கேளுங்கள். கேட்பதில் அவமானமில்லை.

இரண்டாவது, தம்பதியரை அழைக்கும்போது இருவருடைய பெயரையும் எழுதுங்கள். கணவனை இழந்த சகோதரிக்கு அவர்களுடைய சொந்தப் பெயரால் எழுதுங்கள். எந்த அடைமொழி என்று தயங்கினால், ஆண், பெண், மணமானவர், ஆகாதவர் எல்லாருக்கும் பொருந்தும் 'திருமிகு' நம் மொழியில் உண்டு. ஊரார் முன்வரிசையிலிருந்து விலக்கிவைக்கும் விதவைகளை, நாம் பெயர்சொல்லி முன்வரிசைக்கு அழைக்கவேண்டும்.

மூன்றாவது, மகன் வீட்டில் வாழும் முதியவர்களுக்கும், அண்ணன் வீட்டில் இருக்கும் மணமாகாத அக்காமாருக்கும் தனி வரியாவது கொடுங்கள். 'குடும்பத்தினர்' என்ற சொல்லுக்குள் அவர்கள் காணாமற்போகிறார்கள். முதியவரின் பெயர் முதலில் வரட்டும்.

நான்காவது, சாதிப்பட்டத்தை உறையிலும் எழுதாதீர்கள், அட்டையிலும் அச்சிடாதீர்கள்.

ஐந்தாவது, பெரிய மனிதருக்கு விலையுயர்ந்த அட்டை, மற்றவருக்கு மெல்லிய அட்டை என்று இரண்டு வகை அச்சிடும் வழக்கம் பெருகிவருகிறது. பொன்மோதிரம் அணிந்தவனுக்கு நல்ல இடமும், கந்தையானவனுக்குப் பாதபடியும் காட்டும் சபையை யாக்கோபு தம் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் எப்படிக் கண்டிக்கிறார் என்று வாசித்துவிட்டு அச்சகத்துக்குப் போங்கள். ஆலயத்தைப் பெருக்கும் சகோதரியின் கைக்கும் அதே அட்டை செல்லட்டும்.

கடைசியாக, உங்களோடு மனத்தாங்கல் உள்ள ஒரு வீட்டையாவது நினைத்துக்கொள்ளுங்கள். எசேக்கியா எப்பிராயீமுக்கும் எழுதினான். அவர்கள் நகைக்கலாம். வராமலும் இருக்கலாம். ஆயினும் உறையின்மேல் அவர்கள் பெயர் இருக்கட்டும்.

இன்று பலர் கைபேசியில் ஒரே படத்தை ஐந்நூறு பேருக்கு ஒரே நொடியில் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறார்கள். அதைக் குற்றம் சொல்லவில்லை. தூரதேசத்தில் இருப்பவர்களுக்கு அது உதவிதான். ஆனால் ஹெராயிஸின் அழைப்பில் பெயர் இல்லாவிட்டாலும் அதைச் சுமந்துவந்த ஒரு மனிதன் இருந்தான். அஞ்சலில் வந்த உறையில் மனிதன் இல்லாவிட்டாலும் பெயர் இருந்தது. வாட்ஸ்அப்பில் வரும் படத்திலோ பலமுறை இரண்டும் இல்லை. அனுப்புங்கள், கூடவே அந்த மனிதருடைய பெயரை எழுதி, ஒரு வரி சேருங்கள். அல்லது அழைத்துப் பேசுங்கள்.

பிரியமானவர்களே, வேதாகமத்தின் கடைசிப் புத்தகத்திலும் ஒரு கலியாண விருந்து காத்திருக்கிறது. ஆட்டுக்குட்டியானவரின் அந்த விருந்துக்கு அழைக்கப்பட்டவர்கள் பாக்கியவான்கள் என்று வெளிப்படுத்தல் 19-ஆம் அதிகாரம் சொல்கிறது. அந்த அழைப்பைத் தேவன் தாளில் மட்டும் அனுப்பவில்லை; தம்முடைய குமாரனே நடந்து வந்தார். நம்முடைய பெயரும் விடப்படவில்லை; ஜீவபுஸ்தகத்தில் எழுதுகிறார். அங்கே ஒருவரும் 'மற்றும் குடும்பத்தினர்' அல்லர்.

என் மகளின் திருமணத்துக்கு அந்தத் தாயார் வந்தார்கள். சில ஆண்டுகளுக்குப் பின் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள். நான் அப்போது வேறு சேகரத்தில் இருந்தும் அடக்க ஆராதனைக்குச் சென்றேன். அவர்களுடைய பழைய வேதாகமத்தை உறவினர் என்னிடம் காட்டினார்கள். அதற்குள் அந்த உறை அப்படியே இருந்தது. அன்று நான் கேட்டு எழுதிய பெயர், மை சற்று மங்கியிருந்தது. ஆனாலும் வாசிக்க முடிந்தது.

ஜெபம்: எங்களைப் பேர்சொல்லி அழைத்த ஆண்டவரே, எங்கள் அருகில் இருந்தும் நாங்கள் பெயர் அறியாதிருக்கிறவர்களை இந்த வாரம் எங்களுக்குக் காட்டும். கேட்கும் தாழ்மையையும், நினைவில் வைக்கும் அன்பையும் எங்களுக்குத் தாரும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் ஜெபிக்கிறோம். ஆமென்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் போதகர்